திரைக்கதையைப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா? கோவில்பட்டி மாணவிக்கு ஒரு பதில்

கோவில்பட்டியில் இளங்கலை வணிகவியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதுவதைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிப்பதில் பயன் உண்டா, அல்லது சென்னைக்கு வந்து ஓர் இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்வதுதான் வழியா? படிப்பதென்றால் எங்கே படிப்பது? வீட்டில் எப்படிச் சொல்வது? கேள்விகளோடு தாம் எழுதிய ஒரு காட்சியையும் இணைத்திருக்கிறார். நான் பதினோரு ஆண்டுகள் நெடுந்தொடர்களுக்கு வசனம் எழுதியவன். இப்போது ஒரு கல்லூரியில் திரைக்கதைப் பாடம் நடத்துகிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்த அனுபவத்தில் இந்தப் பதிலை எழுதுகிறேன். அவருடைய மூன்று கேள்விகளைவிட அந்த ஒரு காட்சிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது என்பதால், பதிலின் பெரும்பகுதி அதைச் சுற்றியே இருக்கும்.

பயன் உண்டு என்பதே என் முடிவு. ஆனால் கல்லூரிகள் விளம்பரத்தில் சொல்லும் காரணங்களுக்காக நான் அப்படிச் சொல்லவில்லை. மூன்று அங்கம், திருப்புமுனை, நாயகனின் தேவை, அதற்கு வரும் தடை என்று திரைக்கதை இலக்கணமாகச் சொல்லப்படுவதையெல்லாம் ஒரு நல்ல புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். அதற்காக இரண்டு ஆண்டுகளைச் செலவிட வேண்டியதில்லை. வகுப்பறையால் தர முடிந்தவை வேறு இரண்டு. குறித்த தேதிக்குள் எழுதி முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஒன்று. நாம் எழுதியதை, நம்மீது தனிப்பட்ட அன்போ பகையோ இல்லாத பத்துப் பேர் நம் கண்ணெதிரே வாய்விட்டு வாசித்து, எந்த இடத்தில் தங்களுக்குக் கொட்டாவி வந்தது என்று சொல்வது மற்றொன்று. இந்த இரண்டும் வீட்டில் கிடைக்காது. நண்பர்களிடமும் கிடைக்காது, ஏனென்றால் நண்பர்கள் "சூப்பரா இருக்கு" என்பார்கள். ஆகவே எந்தப் படிப்பைப் பற்றி விசாரித்தாலும், முடிக்கும்போது எத்தனை முழுத் திரைக்கதைகள் கையில் இருக்கும், அவற்றை எத்தனை முறை திருத்தி எழுத வைப்பார்கள், யார் வாசித்துக் கருத்துச் சொல்வார்கள் என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். கட்டடத்தையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் காட்டுகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் தடுமாறுவார்கள்.

எழுத்தைக் கற்றுத் தர முடியுமா என்ற சந்தேகம் நம் ஊரில் மட்டும் இருப்பதன்று. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விக்டர் ஃப்ரீபர்க் என்பவர் படக்கதை அமைப்பை ஒரு பாடமாக 1915-இலேயே நடத்தினார். படங்கள் பேச ஆரம்பிக்க அப்போது இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. அவருக்குப் பின் ஃபிரான்சிஸ் டெய்லர் பேட்டர்சன் என்ற பெண்மணி அந்த வகுப்பை ஏற்று நடத்தினார். மாஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளி 1919-இல் தொடங்கியது. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம், ஆஸ்கர் விருது வழங்கும் அகாதெமியோடு சேர்ந்து 1929-இல் தன் முதல் திரைப்பட வகுப்பை நடத்தியது. இன்று அங்கே திரைக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதுவதற்கென்றே தனித் துறை உள்ளது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தும் சந்தேகம் தீரவில்லை. தீராமல் இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அந்தச் சந்தேகம் உள்ள ஆசிரியர்கள்தான் சொற்பொழிவைக் குறைத்து மாணவர்களை எழுத வைத்தார்கள்.

அப்படிப்பட்டவர்களில் முக்கியமானவர் செக் நாட்டவரான ஃபிராங்க் டேனியல். பிராக் நகரின் திரைப்படப் பள்ளியில் கற்பித்துவிட்டு 1960-களின் இறுதியில் அமெரிக்காவுக்குச் சென்ற அவர், அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் பயிற்சிப் பள்ளியிலும், கொலம்பியாவிலும், பின்னர் தெற்கு கலிபோர்னியாவிலும் பொறுப்பேற்றுத் திரைக்கதைக் கல்வியின் போக்கையே மாற்றினார். ஒரு முழுநீளப் படத்துக்கு எழுபது காட்சிகள் தேவை. ஒவ்வொரு காட்சிக்கான யோசனையையும் ஓர் அட்டையில் எழுதுங்கள். எழுபது அட்டைகள் சேர்ந்துவிட்டால் படம் கையில் இருக்கிறது என்று அவர் கற்பித்ததை அவருடைய மாணவரான அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச் நினைவுகூர்ந்திருக்கிறார். கோடம்பாக்கத்தில் சீன் ஆர்டர், அதாவது காட்சி வரிசை, போட்டுப் பழகிய எந்த உதவி இயக்குநரிடம் இதைச் சொன்னாலும், "இதைத்தானே சார் நாங்களும் சுவரில் ஒட்டி வைத்துச் செய்கிறோம்" என்பார். அவர் சொல்வது சரி. பல்கலைக்கழகம் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. தொழிலில் இருப்பவர்கள் கைப்பழக்கமாகச் செய்வதற்கு ஒரு வரிசையும் பெயரும் கொடுத்திருக்கிறது.

டேனியலின் இன்னொரு பாடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து வரும் பாடத்தை நாம் எப்படி வாங்கிக்கொள்வது என்பது அதில் தெரியும். 35 மி.மீ. படச்சுருள் ஆயிரம் அடி, அதாவது ஒரு ரீல், ஓட ஏறத்தாழ 11 நிமிடம் ஆகும். ஒரே ஒரு புரொஜெக்டர் இருந்த ஆரம்ப காலத்துத் திரையரங்குகளில் ஒரு ரீல் முடிந்ததும் படத்தை நிறுத்தி அடுத்ததை மாட்டினார்கள்; அதனால் ஒவ்வொரு ரீலும் தனக்கென ஒரு தொடக்கமும் ஒரு கேள்வியும் ஒரு முடிச்சும் உள்ளதாக எழுதப்பட்டது. இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மணி நேரப் படத்தைப் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஓடும் எட்டுப் பகுதிகளாகப் பார்க்கலாம் என்று அவர் கற்பித்தார். ஒரு நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் நூற்றிருபது பக்கங்களை ஒரே மூச்சில் நினைத்து மலைத்துப்போகும் மாணவருக்கு இது பெரிய உதவி. பதினைந்து நிமிடத்தை யாரும் எழுதிவிடலாம்.

நம் படத்துக்கு இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. நம்மிடம் இடைவேளை இருக்கிறது. அமெரிக்கப் பாடநூலில் கதையின் நடுப்பகுதி என்பது இரண்டாம் அங்கத்தின் உள்ளே மறைந்திருக்கும் ஒரு திருப்பம். தமிழ்ப் படத்திலோ அந்த இடத்தில் விளக்குப் போட்டு, ஆயிரம் பேரை எழுப்பி, பாப்கார்ன் வாங்க அனுப்பி, திரும்பி வந்து உட்கார வைக்க வேண்டும். ஆகவே "இன்டர்வெல் பிளாக்" என்பது நம் எழுத்தாளர்களுக்குக் கதையின் இரண்டாவது உச்சக்காட்சி. அதை முதலில் தீர்மானித்துவிட்டு இரண்டு பக்கமும் கதையை நகர்த்துகிறவர்கள் உண்டு. அதனால் வரும் கேடும் உண்டு. முதல் பாதி முழுவதும் அந்த ஒரு கணத்துக்கான காத்திருப்பாகவும், இரண்டாம் பாதி அதற்கான விளக்கமாகவும் ஆகிவிடும். "செகண்ட் ஹாஃப் லேக்" என்று தேநீர்க் கடையில் சொல்லப்படும் விமர்சனத்தின் வேர் பல சமயம் இங்கேதான் இருக்கிறது. என் வகுப்பில் மாணவர்களை ஒரு தமிழ்ப் படம் பார்க்க வைத்து, கைக்கடிகாரத்தோடு காட்சி வரிசையை எழுதச் சொல்வேன். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி, எத்தனை நிமிடம், காட்சியின் முடிவில் யாருக்கு என்ன மாறியிருக்கிறது என்பவை மட்டும் போதும். மூன்று படங்களுக்கு இதைச் செய்த மாணவர், மூன்று புத்தகம் படித்தவரைவிட நன்றாக எழுதுவார். இதை நீங்கள் இன்று மாலையே தொடங்கலாம். எந்தப் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் தேவையில்லை.

இப்போது உங்கள் காட்சிக்கு வருகிறேன். மகளுக்குச் சென்னையில் சினிமா படிக்க இடம் கிடைத்திருக்கிறது. தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் அப்பாவிடம் அதைச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதில் மகள் இப்படிப் பேசுகிறாள்: "அப்பா, நீங்க எனக்காக எவ்வளவோ கஷ்டப்பட்டிருக்கீங்க. ஆனா எனக்குன்னு ஒரு கனவு இருக்குப்பா. பேங்க் வேலை எனக்கு வேண்டாம்." அதற்கு அப்பா ஒரு பக்கத்துக்குப் பதில் சொல்கிறார். வசனம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் இதை வகுப்பில் வாசித்தால் முதல் கேள்வி ஒன்றுதான் வரும்: பேசும்போது அப்பா என்ன செய்துகொண்டிருக்கிறார்? உங்கள் பக்கத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அடுத்த கேள்வி: மகளின் மனத்தில் உள்ளதை மகளே சொல்லிவிட்டால், பார்வையாளருக்கு என்ன வேலை?

எழுதியதை எல்லோரும் வாசித்துக் கருத்துச் சொல்லும் ஒரு பட்டறை வகுப்பில் நான்கு வாரம் அடிபட்ட பிறகு அந்தக் காட்சி ஏறத்தாழ இப்படி ஆகியிருக்கும். சனிக்கிழமை மாலை. அப்பா தரையில் உட்கார்ந்து வாரக் கூலியைப் பிரித்து வைக்கிறார்: மளிகைக் கடைக்கு ஒரு குவியல், சீட்டுக்கு ஒன்று, மூன்றாவதாக ஒன்று. எண்ணிக்கொண்டே கேட்கிறார், "பேங்க் பரீட்சைக்கு எப்பத் தாயி பணம் கட்டணும்?" மகள் பதில் சொல்லவில்லை. அருகில் வந்து உட்கார்கிறாள். மூன்றாவது குவியலை எடுத்துச் சீட்டுக் குவியலின் மேல் வைக்கிறாள். "அதுக்கு வேண்டாம்ப்பா." அப்பாவின் கை நிற்கிறது. எண்ணிக்கை விட்டுப்போகிறது. எல்லா நோட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறார். காட்சி முடிந்தது. கனவு என்ற சொல் எங்கும் வரவில்லை. அப்பா கோபப்பட்டாரா, ஒப்புக்கொண்டாரா என்பதும் சொல்லப்படவில்லை. அதைத் தெரிந்துகொள்ளப் பார்வையாளர் அடுத்த காட்சிக்குக் காத்திருப்பார். முதல் வடிவம் இரண்டரைப் பக்கம், இது முக்கால் பக்கம். உங்களிடம் திறமை குறைவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தத் திருத்தத்தை யாரும் தனியாகச் செய்துகொள்வது மிகக் கடினம், எழுதியவருக்குத் தன் வசனத்தின் மேல் உள்ள பாசம் அப்படி. மற்றவர்கள் வாசிக்கும்போது வரும் மௌனத்தில்தான் அந்தப் பாசம் விலகும். பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் பணம் பெரும்பாலும் அந்த மௌனத்துக்காகத்தான்.

மேலே உள்ள காட்சியில் "தாயி" என்ற சொல்லைக் கவனியுங்கள். அதில்தான் நம் மாணவர்கள் வெளியூர்ப் பள்ளிகளில் படும் பாடு இருக்கிறது. வகுப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோ நடக்கும் இடத்தில் உங்கள் காட்சியை மொழிபெயர்த்துத்தான் வாசிக்க முடியும். பெற்ற மகளை ஏன் அம்மா என்று கூப்பிடுகிறார் என்று பக்கத்தில் இருப்பவர் நேர்மையாகவே கேட்பார். நீங்கள் விளக்குவீர்கள், அவர் தலையாட்டுவார், ஆனால் அந்தச் சொல் அப்பாவின் வாயில் வரும்போது, பணம் பிரிக்கும் அந்தக் கையில் உள்ள மென்மை அவருக்குக் கேட்காது. மாமனார் மருமகனை "வாங்க" என்பதிலிருந்து "வா" என்பதற்கு இறங்கும் ஒரு நொடியில் ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் நம் பார்வையாளருக்குப் புரிந்துவிடும். ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒன்றே. இதன் விளைவாக, வெளியில் படித்து வரும் சிலர் கட்டமைப்பில் கெட்டிக்காரர்களாகவும், வசனத்தில் ஊர் பேர் தெரியாதவர்களாகவும் திரும்புகிறார்கள். எல்லோருடைய பேச்சும் ஒரே மாதிரி இருக்கும். கோவில்பட்டிக்காரரும் கும்பகோணத்துக்காரரும் சென்னைத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் போலவே பேசுவார்கள். படிக்கப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கே படித்தாலும் தமிழில் ஒரு பிரதி தனியாக எழுதி, தமிழ் தெரிந்த ஒருவரிடம் அதை வாசிக்கக் கொடுக்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

பக்க வடிவத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு, தட்டச்சுப்பொறி எழுத்தைப் போன்ற கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பக்கத்துக்கானது. கூரியரில் தமிழ் எழுத்தே கிடையாது. நம் சொற்களும் நீளமானவை. நம் ஊரின் பழைய முறையில் பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நடப்பதையும் வலப்பக்கம் வசனத்தையும் எழுதுவார்கள். அந்த முறையில் ஒரு நல்ல குணம் இருந்தது: இடப்பக்கம் காலியாகவே கிடந்தால், படத்தில் பேச்சைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியவருக்கே தெரிந்துவிடும். இன்று பலர் சர்வதேச வடிவத்தில் மென்பொருளைக் கொண்டு, செயலை ஆங்கிலத்திலும் வசனத்தை ஆங்கில எழுத்தில் தமிழாகவும் எழுதுகிறார்கள். தயாரிப்பாளருக்குக் கொடுக்க அது வசதி. எழுதிப் பழகும் காலத்திலாவது தமிழ் வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள், காது கூர்மையாகும்.

தொலைக்காட்சியைப் பற்றிப் பல்கலைக்கழகங்கள் சொல்வதும் இங்கே நடப்பதும் வேறு வேறு. அமெரிக்கப் படிப்பில் தொலைக்காட்சி எழுத்து என்றால், பல எழுத்தாளர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து தொடரின் ஒரு சீசன் முழுவதையும் பலகையில் திட்டமிடுவதும், தலைமை எழுத்தாளரே தொடரின் தயாரிப்புக்கும் பொறுப்பேற்பதும். அந்த அறையைப் பாதுகாப்பதும் 2023-இல் அங்கே எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கான காரணங்களில் ஒன்று. அறையில் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதும், செயற்கை நுண்ணறிவு எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கொள்ளக் கூடாது என்பதும் அவர்கள் பெற்ற ஒப்பந்தத்தில் உள்ளன. நம் தினசரி நெடுந்தொடரில் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று பிரித்து எழுதுவது வழக்கம், மூவரும் ஒரே அறையில் உட்காராமலேயே. நான் எழுதிய ஒரு தொடரில் இரவு பதினொரு மணிக்குத் தயாரிப்பு நிர்வாகி தொலைபேசியில் அழைத்தார்: மாமியாராக நடிப்பவருக்குக் காய்ச்சல், மூன்று நாள் வர மாட்டார், காலை ஏழு மணிக்குப் படப்பிடிப்பு. மாமியார் திருச்சியில் தம்பி வீட்டுக்குப் போனார். மாமியார் போட இருந்த சண்டையை ஓர்ப்படியார் போட வேண்டியதாயிற்று. அந்தச் சண்டை அவருக்கு எப்படிப் பொருந்தும் என்று யோசித்த அந்த இரவில்தான், பாத்திரம் என்பது என்ன, வசனம் என்பது என்ன என்ற வேறுபாடு எனக்குத் தெளிவாயிற்று. இதை எந்தப் பாடத்திட்டமும் தராது. அதேபோல, நிதானமாக ஒரு பாத்திரத்தின் பத்து எபிசோடுப் பயணத்தை வகுப்பதை அந்தத் தொழிற்சாலை எனக்குக் கற்றுத் தரவில்லை. அதை நாற்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். இணையத் தொடர்கள் வந்தபின் இரண்டாவது திறமைக்கும் இங்கே தேவை ஏற்பட்டிருக்கிறது.

எங்கே படிப்பது என்ற கேள்விக்கு, உங்கள் நிலையை வைத்துச் சொல்கிறேன். புனேயில் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியில் திரைக்கதைக்கென்று தனிப் படிப்பு உண்டு. பட்டம் பெற்றவர்கள் எந்தத் துறையினராயினும் விண்ணப்பிக்கலாம். கொல்கத்தாவில் 1995-இல் தொடங்கப்பட்ட சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியில் மின்னணு, டிஜிட்டல் ஊடகத்துக்கான எழுத்து தனிப் படிப்பாக இருக்கிறது. இரண்டும் மத்திய அரசின் நிறுவனங்கள், இடங்கள் மிகக் குறைவு, எழுத்துத் தேர்வையும் நேர்முகத்தையும் கடக்க வேண்டும். வணிகவியல் படித்தது அங்கே குறையாகாது. உலகத்தில் வேறு ஏதாவது தெரிந்தவர்களையே எழுத்துக்கு அவர்கள் விரும்புகிறார்கள். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் இயக்கமும் திரைக்கதை எழுத்தும் சேர்ந்த பட்டப் படிப்பு இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, கட்டணம் குறைவு, தமிழிலேயே எழுதிப் படம் எடுக்கலாம். ஆனால் அது பிளஸ் டூ முடித்தவர்களுக்கான நான்காண்டு இளங்கலை. ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கப்போகும் நீங்கள் இன்னும் நான்கு ஆண்டு ஒதுக்க முடியுமா என்பதை வீட்டில் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். காட்சித் தொடர்பியல் (விஸ்காம்) படிப்புகளில் திரைக்கதை பெரும்பாலும் ஒரு பருவத்தில் வந்துபோகும் ஒரே தாள்; எழுத்துக்காக மட்டும் அதில் சேர வேண்டாம். தனியார் பயிற்சிப் பள்ளிகளில் நல்லவை சில உண்டு, நான் முன்பு சொன்ன மூன்று கேள்விகளைக் கேட்டால் எவை என்று தெரிந்துவிடும்.

வெளிநாட்டைப் பொறுத்தவரை நேராகவே சொல்கிறேன். அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகமொன்றில் இரண்டாண்டு முதுகலை முடிக்கக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்த்து ஒரு கோடி ரூபாயை எளிதில் தாண்டும். உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கிப் போவது, வருமானம் எப்போது வரும் என்று தெரியாத ஒரு தொழிலுக்கு முன்கூட்டியே வட்டி கட்டுவதாகும். இங்கிலாந்தில் பீக்கன்ஸ்ஃபீல்டில் உள்ள தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளி போன்றவற்றின் எழுத்துப் படிப்பு தரமானது, ஆனால் அது பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கு ஆட்களைத் தயார்செய்யும் இடம். தமிழில் எழுத விரும்பும் ஒருவர் அங்கிருந்து திரும்பி வந்தால், இங்கே மீண்டும் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

உதவி இயக்குநர் வழியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தேவர் பிலிம்ஸ், ஏவி.எம். போன்ற நிறுவனங்கள் கதை இலாகா வைத்திருந்த காலத்தில், கதையைப் பலர் கூடி உருட்டி உருட்டிச் செய்யும் பயிற்சி அங்கேயே கிடைத்தது. இயக்குநரும் உதவியாளர்களும் உட்கார்ந்து கதை பேசும் இன்றைய டிஸ்கஷன் அறை அதன் வாரிசுதான். பாலு மகேந்திரா புனேயில் ஒளிப்பதிவு படித்தவர், பின்னாளில் சென்னையில் தம் பட்டறையில் இளைஞர்களுக்குக் கற்பித்தவர். தமிழ்ச் சிறுகதைகளைத் தொலைக்காட்சிக்காகப் படமாக்கியவரும் அவரே. கல்லூரியும் பட்டறையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே போதும். 2009-இல் சென்னை ஐஐடி வளாகத்தில் கமல்ஹாசன் முன்னின்று திரைக்கதைப் பயிலரங்கு நடத்தியபோது, பிரெஞ்சு எழுத்தாளர் ழான் கிளோத் காரியேர் வந்து பேசினார். தொழிலும் வகுப்பும் ஒரே கூரையின் கீழ் வந்த அத்தகைய நாள்கள் நமக்கு மிகக் குறைவு. ஆனால் உதவி இயக்குநர் வழியில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நீங்கள் எழுதப்போவது கன்டினியூட்டி ரிப்போர்ட்டும் (ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாதிருக்க வைக்கும் குறிப்பு) உடைப் பட்டியலும்தான். சம்பளம் வந்தால் உண்டு. பெண்களின் எண்ணிக்கை கூடியிருந்தாலும், நள்ளிரவு வரை நீளும் விடுதி அறை டிஸ்கஷன்கள் எல்லோருக்கும் ஏற்றவையாக இன்னும் மாறவில்லை. அறையில் இன்னும் ஒரு பெண்ணாவது இருக்கிறாரா என்று பார்த்துச் சேருங்கள்.

எந்த வழியில் போனாலும் பாடத்திட்டத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்றை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்: உரிமை. நான் எழுத வந்த புதிதில் ஒருவரிடம் ஒன்லைனையும், அதாவது கதைச் சுருக்கத்தையும், இருபது காட்சிகளையும் வாயால் சொன்னேன். ஓராண்டு கழித்து அவற்றில் பல வேறு பெயரில் ஒளிபரப்பாயின. என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி யோசனைக்கு உரிமை கிடையாது, அதை எழுதிய வடிவத்துக்கே உரிமை, ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. ஆகவே நரேஷனுக்கு, அதாவது தயாரிப்பாளரிடமோ இயக்குநரிடமோ கதை சொல்ல, போகும் முன் முழுத் திரைக்கதையை எழுதி, சென்னையில் உள்ள தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலோ மும்பைத் திரைக்கதையாளர் சங்கத்திலோ பதிவுசெய்துகொள்ளுங்கள். யாரிடம், எந்தத் தேதியில் கதை சொன்னீர்கள் என்று அன்றிரவே ஒரு மின்னஞ்சலில் அவருக்கு நன்றி தெரிவித்து எழுதிவிடுங்கள். மரியாதையும் ஆயிற்று, ஆதாரமும் ஆயிற்று. அந்தச் சட்டத்துக்கு 2012-இல் வந்த திருத்தம் எழுத்தாளருக்கு ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு ஒன்றைத் தருகிறது. அது எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதை, முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. வசனம் பேச வேண்டாம்; கணக்கைக் காட்டுங்கள், வணிகவியல் மாணவிதானே. எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு, அந்தக் காலத்தில் கையில் என்ன இருக்கும், எந்த வயதுவரை முயல்வேன், அதற்குள் நடக்காவிட்டால் என்ன வேலைக்குப் போவேன் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். தயாரிப்பு நிறுவனங்களில் பட்ஜெட் போடத் தெரிந்த எழுத்தாளர்களுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதையும், பொய் இல்லாமலே, அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தோடு எழுத்து மாதிரி கேட்டால் இந்தக் காட்சியையே அனுப்புங்கள், ஆனால் நான் மேலே எழுதிய வடிவத்தை அல்ல. பணக் குவியலை எண்ணுகிறவர் நான் உருவாக்கிய அப்பா. சனிக்கிழமை மாலை ஆலையிலிருந்து வந்ததும் உங்கள் அப்பா முதலில் கையில் எதை எடுப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதிலிருந்து தொடங்கி, பேச்சில்லாமல் எத்தனை வரி போக முடிகிறது என்று பாருங்கள்.